இயக்கவியலின் வரலாறு – 6: சாய்பலகை தந்த விதி

இயக்கத்தைப் பற்றிய சிந்தனை பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எந்த இடத்தில் நின்றது என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகள் காட்டின. பொருள்கள் தத்தம் இயல்பான இடத்தை நாடி விழுகின்றன என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து பல்கலைக்கழகப் பாடமாக நீடித்தது. எறியப்பட்ட கல்லுக்குள் எறிந்தவர் ஏற்றிய ஓர் உந்துதல் தங்கியிருக்கிறது என்ற பூரிதானின் விளக்கமும் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. சீராக வேகம் கூடிக்கொண்டே செல்லும் ஒரு பொருள் கடக்கும் தொலைவு, அதன் நடுப்பொழுது வேகத்தில் மாறாமல் சென்றால் கடந்திருக்கும் தொலைவுக்குச் சமம் என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் பதினான்காம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தனர். ஆனால் மெர்ட்டன் அறிஞர்களின் ‘சீரான வேகக் கூடுதல்’ ஒரு தருக்கப் பயிற்சியாகவே இருந்தது; உலகில் எந்தப் பொருளாவது அவ்வாறு இயங்குகிறதா என்று அவர்கள் தேடவில்லை. விழும் பொருளே அத்தகைய இயக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று ஸ்பெயினைச் சேர்ந்த டொமிங்கோ தெ சோட்டோ பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதினார் என்றாலும், அதை அளந்து பார்க்கும் எண்ணம் அவருக்கும் எழவில்லை. அந்த அளவையைச் செய்தவர், 1592 முதல் 1610 வரை வெனிஸ் குடியரசின் பதுவா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த கலிலியோ கலிலி.

அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பைசா நகரின் சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகள் போடப்பட்ட கதையை எவரும் தவிர்ப்பதில்லை. அக்கதைக்கு ஆதாரம், கலிலியோவின் இறுதிக்கால மாணவர் விவியானி ஆசிரியர் மறைந்த பின் எழுதிய வாழ்க்கை வரலாறு மட்டுமே. கலிலியோவின் சொந்த எழுத்தில் அந்நிகழ்ச்சி இல்லை. ஒன்று மற்றதைப்போல் பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து போட்டு, இரண்டும் ஒரே ஓசையாகத் தரையைத் தொட்டதை நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் 1586-இலேயே அச்சிட்டிருந்தார். கோபுரக் கதை உண்மையாகவே இருந்தாலும் அதிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. எடை கூடினால் விழும் வேகம் அதே விகிதத்தில் கூடும் என்ற பழைய கருத்து தவறு என்பதை அது காட்டும்; விழும் பொருளின் வேகம் எந்த ஒழுங்கில் கூடுகிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வேகம் கூடும் அந்த வீதத்தைத்தான் இன்றைய பாடநூல்கள் ‘முடுக்கம்’ என்கின்றன. ஒரு பொருள் ஒவ்வொரு வினாடியிலும் தன் வேகத்தில் ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அதன் முடுக்கம் சீரானது. விழும் கல் அவ்வாறு நடந்துகொள்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பதில் இருந்த இடர் மிக எளிமையானது: கல் மிக விரைவாக விழுந்துவிடுகிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் குண்டு ஏறத்தாழ 0.64 வினாடியில் தரையை அடைகிறது. கலிலியோவின் காலத்துக் கடிகாரங்களோ நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் பிசகக்கூடியவை. வினாடியை நம்பத்தகுந்த முறையில் காட்டும் ஊசல் கடிகாரத்தை ஹைகன்ஸ் உருவாக்கியது 1656-இல், அதாவது கலிலியோ இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து.

விழுதலை விரைந்து அளக்க முடியாதபோது விழுதலையே மெதுவாக்கிவிடலாம் என்பது அவர் கண்ட வழி. சாய்வாக வைக்கப்பட்ட பலகையில், அதாவது சாய்தளத்தில், ஒரு குண்டு இறங்கும்போது அதன் எடையின் ஒரு பகுதியைப் பலகை தாங்கிக்கொள்கிறது. எஞ்சிய பகுதி மட்டுமே அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. பலகையின் நீளத்தில் முப்பதில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு முனையை உயர்த்தினால், உராய்வின்றி நழுவும் பொருளின் முடுக்கமும் தடையின்றி விழும்போது இருப்பதில் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். சாய்வைக் கூட்டிக்கொண்டே போய்ப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் அதுவே தடையற்ற வீழ்ச்சி. எனவே எல்லாச் சாய்வுகளிலும் ஒரே ஒழுங்கு காணப்படுமானால், செங்குத்து வீழ்ச்சிக்கும் அதே ஒழுங்கு பொருந்தும் என்று கொள்ள இடமுண்டு. இந்தத் தாவல் தருக்கத்தால் முழுமையாக நிறுவப்பட்டதன்று, அது ஒரு துணிவு. அந்தத் துணிவின்றிப் பலகை வெறும் பலகையாகவே இருந்திருக்கும்.

கருவியின் வருணனை 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் எல்சவீர் அச்சகம் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலின் மூன்றாம் நாள் உரையாடலில் வருகிறது. பன்னிரண்டு பிராச்சியோ, அதாவது ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம். அதன் விளிம்பில் ஒரு விரலைவிடச் சற்றே அகலமான நேரான பள்ளம். பள்ளத்துக்குள் உராய்வைக் குறைக்க ஒட்டிய வழவழப்பான தோல்தாள். அதில் உருள்வதற்கு நன்கு உருட்டித் தேய்த்த கடினமான வெண்கலக் குண்டு. சட்டத்தின் ஒரு முனை ஒன்று அல்லது இரண்டு பிராச்சியோ உயர்த்தப்பட்டது. ஒரு பிராச்சியோ மட்டும் உயர்த்தினால் குண்டு முழு நீளத்தையும் கடக்க ஐந்து வினாடி அளவில் ஆகும். காலத்தை அளக்க, அடியில் மெல்லிய குழாய் பொருத்திய பெரிய நீர்ப்பாத்திரம் உயரத்தில் வைக்கப்பட்டது; குண்டு உருளத் தொடங்கியதும் குழாயைத் திறந்து, அது முடிவை அடைந்ததும் அடைத்து, இடையில் சிறு கிண்ணத்தில் சேர்ந்த நீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார்கள். முழு நீளத்தின் கால் பங்கை மட்டும் கடக்கவிட்டபோது முழு நீளத்துக்குச் சேர்ந்த நீரில் சரிபாதி எடையே சேர்ந்தது. தொலைவு நான்கில் ஒன்றானால் காலம் இரண்டில் ஒன்று. வேறு தொலைவுகளுக்கும் வேறு சாய்வுகளுக்கும், நூறு முறை திரும்பத் திரும்பச் செய்தபோதும், கடந்த தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவே அமைந்தது என்று அந்நூல் கூறுகிறது.

பள்ளி மாணவர்கள் இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றை இன்றைய பாடநூல்களின் வாய்பாடுகள் மறைத்துவிடுகின்றன. மீட்டர், வினாடி என்ற அலகுகளோடு விதியைப் படிப்பவருக்கு, அந்த அலகுகள் இல்லாமல் அது எப்படிக் கண்டறியப்பட்டிருக்க முடியும் என்று தோன்றும். கலிலியோவுக்கு வினாடி தேவைப்படவே இல்லை. ஒரு காலம் மற்றொரு காலத்தைப்போல் எத்தனை மடங்கு, ஒரு தொலைவு மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதங்களே அவருடைய கணிதத்தின் மொழி. யூக்ளிடின் விகிதக் கோட்பாட்டில் பயின்ற அவர், நீளத்தைக் காலத்தால் வகுத்து வேகம் என்று ஓர் எண்ணை எழுதியவரும் அல்லர். இருவேறு வகைப்பட்ட அளவுகளை ஒன்றால் ஒன்றை வகுப்பது அந்தக் கணித மரபில் பொருளற்றது. நீரின் எடை எத்தனை வினாடிக்குச் சமம் என்பது தெரியாமலே இரண்டு எடைகளின் விகிதம் இரண்டு காலங்களின் விகிதத்தைத் தந்துவிடும். நம்பத்தகுந்த கடிகாரம் இல்லாத காலத்தில் காலத்தின் விதி கண்டறியப்பட்டது இதனால்தான்.

நூல் வெளிவந்தது அவருடைய எழுபத்து நான்காம் வயதில். சோதனைகள் நடந்ததோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் பதுவாவில். அக்காலத்துக் குறிப்புத் தாள்கள் ஃபுளோரன்ஸின் மத்திய தேசிய நூலகத்தில் 72 என்ற எண்ணிட்ட கையெழுத்துத் தொகுதியாகக் காக்கப்படுகின்றன. அச்சிட்ட பதிப்புகளில் இடம்பெறாத பல தாள்கள் அதில் உண்டு. அவற்றை 1970-களில் ஆராய்ந்த கனடா நாட்டு வரலாற்றறிஞர் ஸ்டில்மேன் டிரேக், 107-ஆம் தாளின் பின்பக்கத்தில் ஒரு சிறு எண்பட்டியலைச் சுட்டிக்காட்டினார். அதில் மேலிருந்து கீழாக 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என்ற எட்டு எண்கள் உள்ளன. அவற்றுக்கு இடப்புறத்தில் 1, 4, 9, 16 எனத் தொடங்கி 64 வரையிலான வர்க்க எண்கள் பின்னர் இடம் நெருக்கிச் சேர்க்கப்பட்டவைபோல் காணப்படுகின்றன. முதல் எண்ணான 33-ஐ நான்கால் பெருக்கினால் 132, தாளில் இருப்பது 130. ஒன்பதால் பெருக்கினால் 297, தாளில் 298. பதினாறால் பெருக்கினால் 528, தாளில் 526. இருபத்தைந்தால் பெருக்கினால் 825, தாளில் 824. அறுபத்து நான்கால் பெருக்கினால் 2112, தாளில் 2104. கணக்கிட்டு எழுதிய எண்களாக இருந்தால் பொருத்தம் முழுமையாக இருந்திருக்கும். இங்கே அது சில அலகுகள் முன்பின்னாகத் தடுமாறுகிறது. அளந்தவருடைய கையின் தடம் அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

டிரேக்கின் விளக்கப்படி ஒவ்வோர் எண்ணும், சம இடைவெளியுள்ள எட்டுக் கணங்களின் முடிவில் குண்டு தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருந்தது என்பதைக் குறிக்கிறது. அலகு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ‘புள்ளி’. ஆகவே முழுத் தொலைவு இரண்டு மீட்டர் அளவு. சாய்வு இரண்டு பாகைக்கும் குறைவு, ஒவ்வொரு கணமும் அரை வினாடிக்குச் சற்று மிகுதி. ஆனால் ஓடும் குண்டு அரை வினாடிக்கொருமுறை எங்கே இருந்தது என்பதை எப்படிக் குறித்திருக்க முடியும்? இதற்கு டிரேக் தந்த விடை இசையிலிருந்து வந்தது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ பெயர்பெற்ற லூட் இசைக்கலைஞர்; தந்தியின் இழுவிசையை நான்கு மடங்காக்கினால்தான் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும் என்று எடைகளைத் தொங்கவிட்டுச் சோதித்துக் காட்டியவர். மகனும் அந்த வாத்தியத்தில் தேர்ந்தவர். லூட்டின் கழுத்தில் மெட்டுகளாகச் சுற்றிக் கட்டப்படும் நரம்புகள் நகர்த்தக்கூடியவை. அவற்றைப்போல் பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு ஒவ்வொன்றையும் தாண்டும்போது எழும் சிறு ஒலி, பாடிக்கொண்டிருக்கும் பாட்டின் தாளத்தோடு சரியாகச் சேரும்வரை நரம்புகளை முன்னும் பின்னும் நகர்த்திவைத்தால் போதும். பயிற்சி பெற்ற செவி தாளத்திலிருந்து மிகச் சிறிய பிசகையும் கண்டுகொள்ளும். அதன்பின் நரம்புகளுக்கு இடையேயான தொலைவை அளவுகோலால் நிதானமாக அளக்கலாம். காலத்தைச் சமமாக்கிக்கொண்டு தொலைவை மட்டும் அளக்கும் இந்த உத்தி உண்மையிலேயே கையாளப்பட்டதா என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. அந்த எண்களே சாய்தளத்துக்கு உரியவை அல்ல, தொங்கும் சங்கிலியின் வளைவை அளந்தபோது கிடைத்தவை என்ற மாற்று வாசிப்பும் பின்னர் முன்வைக்கப்பட்டது. அதே தாள் சங்கிலி பற்றிய ஆய்வோடும் தொடர்புடையது என்பதால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தாளக் கருதுகோள் அழகானது என்பதாலேயே பல நூல்களில் அது நடந்த நிகழ்ச்சியாக எழுதப்பட்டுவிட்டது. வரலாற்றெழுத்தில் அழகு சான்றாகாது.

சோதனையே நடந்திராது என்று கருதியவர்களும் இருந்தனர். கலிலியோவின் கண்டுபிடிப்பு சிந்தனையால் மட்டுமே விளைந்தது என்று வாதிட்ட பிரான்சின் அலெக்சாந்தர் கொய்ரே, உருளும் வெண்கலக் குண்டும் துளையிட்ட பாத்திரமும் பிழைகளைக் குவிக்கும் ஏற்பாடு என்று எள்ளினார். 1961-இல் தாமஸ் செட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூலில் உள்ள வருணனைப்படியே பலகையையும் நீர்ப்பாத்திரத்தையும் அமைத்துச் சோதித்துக் காட்டியபோது, நூல் கோரும் துல்லியம் உண்மையிலேயே கைக்கு எட்டியது. ஐந்நூறு பக்க விவாதத்தைவிட ஒரு பலகை விரைவாகத் தீர்த்துவைத்த வழக்கு இது.

எண்கள் சரியாக இருந்தும் அவற்றின் காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. 1604 அக்டோபரில் வெனிஸில் இருந்த தம் நண்பர் பவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ விதியைச் சரியாகவே கூறுகிறார்: சம காலங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் அமைகின்றன, எனவே மொத்தத் தொலைவுகள் 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களாகின்றன. ஆனால் இவ்விதியை எந்த அடிப்படையிலிருந்து வருவிக்கலாம் என்று சொல்லும்போது, விழும் பொருளின் வேகம் அது விழுந்த தொலைவுக்கு நேர்விகிதமாகக் கூடுகிறது என்கிறார். அது தவறு, வேகம் கடந்த காலத்துக்கு நேர்விகிதமாகவே கூடுகிறது. இரு மடங்கு தொலைவு விழுந்தால் இரு மடங்கு அடி என்பது கம்பங்களை மண்ணில் அறையும் எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய எண்ணம். ஆனால் ஓய்வுநிலையில் உள்ள பொருள் இன்னும் எத்தொலைவும் கடக்கவில்லையாதலால், அந்த விதிப்படி அதற்கு வேகமே பிறக்காது, அது விழத் தொடங்கவே முடியாது. பல ஆண்டுகள் கழித்து எழுதிய நூலில் இந்தப் பிழையை சாக்ரெடோ என்ற பாத்திரத்தின் வாயிலாக முன்வைத்து, இதே மயக்கத்தில் ஆசிரியரும் சில காலம் இருந்தார் என்று சால்வியாத்தி என்ற பாத்திரம் சொல்லும்படி அவர் அமைத்தார்.

வேகம் காலத்தோடு கூடுகிறது என்று கொண்டவுடன் வர்க்க விதி தானாகவே வருகிறது. காலத்தை ஒரு கோடாகவும் ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் அதற்குச் செங்குத்தான கோடாகவும் வரைந்தால், சீரான முடுக்கத்துக்கு ஒரு முக்கோணம் உருவாகும். அதன் பரப்பே கடந்த தொலைவு. காலம் இரு மடங்கானால் முக்கோணத்தின் அடியும் உயரமும் தனித்தனியே இரு மடங்காகின்றன. பரப்பு நான்கு மடங்காகிறது. முதல் அலகுக் காலத்தில் ஒரு முக்கோணம், இரண்டாவதில் அதே அளவான மூன்று, மூன்றாவதில் ஐந்து எனப் படத்திலேயே எண்ணிவிடலாம். மெர்ட்டன் அறிஞர்களின் முடிவுக்குப் பிரான்சின் ஒரெம் வரைந்த அதே படந்தான் இது; இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பொருளின்றிக் கிடந்த வடிவம் ஒரு வெண்கலக் குண்டின் மூலம் பொருள் பெற்றது.

அதே தொகுதியின் 116-ஆம் தாள் மற்றொரு சோதனையைக் காட்டுகிறது. சாய்தளத்தில் உருண்டிறங்கிய குண்டு மேசை விளிம்பில் கிடைமட்டமாகத் திருப்பப்பட்டு, 828 புள்ளி உயரத்திலிருந்து தரையில் விழுகிறது. கிடைமட்ட வேகம் மாறாமல் நீடிக்கிறது என்றால், மேசையிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது அது பெற்ற வேகத்தின் அளவையாகும். அவ்வேகத்தின் வர்க்கமோ உருண்டிறங்கிய உயரத்துக்கு நேர்விகிதம். 300 புள்ளி உயரத்திலிருந்து இறங்கியபோது குண்டு 800 புள்ளி தள்ளி விழுந்தது. ஆகவே 600 புள்ளி உயரத்துக்கு 1131 வர வேண்டும் என்று கணக்கிட்டவர், அளந்து 1172 என்று எழுதி, வேறுபாடு 41 என்பதையும் குறித்துவைக்கிறார். 800 புள்ளிக்கு எதிர்பார்த்தது 1306, கிடைத்தது 1328. 1000 புள்ளிக்கு எதிர்பார்த்தது 1460, கிடைத்தது 1500. கணக்கையும் அளவையும் அருகருகே எழுதி வேறுபாட்டையும் பதியும் இந்தப் பழக்கம் இன்றைய ஆய்வகக் குறிப்பேட்டுக்கு மிக நெருக்கமானது. கிடைமட்டமாகச் சீரான வேகம், செங்குத்தாகச் சீரான முடுக்கம் என்ற இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே பொருளில் சேர்ந்திருக்கலாம் என்பதும், அவ்வாறு சேரும்போது எறிபொருளின் பாதை பரவளையமாக அமையும் என்பதும் இவ்வழியில் தெளிவாயின. பூரிதானின் உள்ளுறை உந்துதல் இங்குத் தேவையற்றதாகிறது; சமதளத்தில் ஓடும் குண்டுக்கு, தடை எதுவும் இல்லாவிடில், ஓடிக்கொண்டேயிருக்க எந்தக் காரணமும் வேண்டியதில்லை. நிலைமம் என்று பின்னர் பெயர் பெற்ற கருத்தின் வாயிலில் அவர் நின்றார் எனலாம். வாயிலில் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய ‘சமதளம்’ முடிவில் பூமியின் வளைந்த பரப்பாகவே இருந்தது.

விகிதங்களின் வலிமைக்கு ஒரு விலையும் இருந்தது. உருளும் குண்டு, சுழல்வதற்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருப்பதால், நழுவும் பொருளைவிட மெதுவாகவே முடுக்கமடைகிறது. திண்மக் கோளம் ஒன்று சமமான சாய்பரப்பில் உருண்டால் அம்முடுக்கம் நழுவும்போது இருப்பதில் ஏழில் ஐந்து பங்குதான். இது கலிலியோவுக்குத் தெரியாது. எல்லாத் தொலைவுகளுக்கும் அந்தக் குறைவு ஒரே பங்காக இருப்பதால் விகித விதிக்கு அதனால் சேதமில்லை. ஆனால் தடையற்ற வீழ்ச்சியின் உண்மை அளவைச் சாய்தளத்திலிருந்து எடுக்க முயன்றால் கணக்கு தவறும். 1632-இல் வெளியான ‘இரு உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்’ நூலில், 100 பிராச்சியோ உயரத்திலிருந்து இரும்புக் குண்டு ஐந்து வினாடியில் விழும் என்று அவர் எழுதினார். இது 58 மீட்டர் அளவு. ஐந்து வினாடியில் ஒரு குண்டு உண்மையில் விழக்கூடிய தொலைவோ 120 மீட்டரைத் தாண்டும். பாரிஸில் இருந்த துறவியும் கணித அறிஞருமான மெர்சென் தாமே குண்டுகளைப் போட்டுப் பார்த்து, இந்த எண் பொருந்தவில்லை என்று கண்டு, சாய்தளச் சோதனைகளே செய்யப்பட்டனவா என்று ஐயுற்றார். பின்னர் பொலோன்யா நகரில், அசினெல்லி கோபுரத்திலிருந்து ஊசல்களின் துணையோடு அளந்த ஏசுசபைத் துறவி ரிச்சியோலி, கலிலியோவை மறுக்கும் நோக்கத்தோடு தொடங்கி, ஒற்றை எண் விதி சரியே என்று 1651-இல் அறிவித்தார்; பூமி சுழல்வதை ஏற்காத ஒருவரிடமிருந்து கிடைத்த சான்று என்பதால் அதன் மதிப்பு கூடுதலே.

பொருள்கள் ஏன் இவ்வாறு முடுக்கமடைகின்றன என்ற வினா ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலின் மூன்றாம் நாள் உரையாடலில் எழாமல் இல்லை. சால்வியாத்தி அதற்குப் பலர் கூறும் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவற்றை ஆராய்வதற்கு இது இடமன்று என்று விலக்குகிறார்; இயக்கத்தின் பண்புகள் இவை என்று நிறுவுவதே ஆசிரியரின் நோக்கம் என்பது அவர் தரும் விடை. ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில், பார்வையும் பறிபோய்க்கொண்டிருந்த முதியவர் இவ்வினாவைக் களைப்பினால் தள்ளிப்போட்டார் என்று நினைப்பது பிழை. முப்பது ஆண்டுகளாக அவர் பணியாற்றிய முறையே அது. விசை என்ற சொல்லுக்கு அளவிடக்கூடிய பொருள் இன்னும் பிறந்திருக்கவில்லை, எந்த இழுப்பு எவ்வளவு முடுக்கத்தைத் தரும் என்று கேட்பதற்குரிய நிறை என்ற கருத்தும் எடையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கவில்லை. கலிலியோ இறந்த 1642-க்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், நிலைமத்தைப் பூமியின் வளைவிலிருந்து விடுவித்து நேர்கோட்டில் நிறுத்தியவர் ஹாலந்தில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர். டேக்கார்ட்டின் அந்த நேர்கோடும், மோதும் பொருள்களைப் பற்றி அவர் வகுத்த ஏழு விதிகளில் பெரும்பாலானவை பொய்த்துப்போன விதமும் அடுத்த பகுதிக்கு உரியவை.

(தொடரும்)